பெண்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்

"ஹெட்மிஸ்ட்ரஸ்னு இனிமே யாரும் கூப்பிடக் கூடாதாம்" என்று அலுவலகத்து ஐவி வந்து சொன்னபோது என் வகுப்புப் பெண்கள் இஞ்சிக் கேக்குக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பின்ன எப்படிக் கூப்பிடணுமாம்?"

"வெறும் மிஸ் கார்சைட். பதவியைச் சொல்லித்தான் ஆகணும்னா மூத்த ஆசிரியை. ஹெட்மாஸ்டர் மிஸ்டர் ஹால்டன் சொல்லச் சொன்னார். குழப்பம் வரக் கூடாதாம்."

"யாருக்குக் குழப்பம்?"

ஐவி பக்கத்திலிருந்த கிண்ணத்தில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். "சர்க்கரை பத்தல" என்றாள். போய்விட்டாள்.

1974 செப்டம்பர். இரண்டு பள்ளிக்கூடங்களைச் சேர்த்து ஒன்றாக்கிய முதல் வாரம் அது.

எங்கள் ஊர் ஆஸ்கர்பியில் கோயிலுக்கு மேல்பக்கம் புனித சாட் ஆண்கள் பள்ளி, கீழ்பக்கம் கால்வாயை ஒட்டிப் புனித ஆக்னஸ் பெண்கள் பள்ளி. நடுவில் கல்லறைத் தோட்டம். இரண்டும் இங்கிலாந்துத் திருச்சபையின் பள்ளிகள்தான், இரண்டுக்கும் ஒரே நிர்வாகக் குழுதான், அதற்குத் தலைவர் எங்கள் குருவானவர் பெவரல்தான். ஆனால் பையன்களுக்கு இரண்டு ஆய்வுக்கூடம், தச்சுப் பட்டறை, கடைசல் இயந்திரம், கயிறு தொங்கும் உடற்பயிற்சிக்கூடம், கிரிக்கெட் மைதானம். எங்களுக்கு ஒரு கூடம். காலையில் அதில் ஜெபம், மத்தியானம் அதிலேயே மேசை போட்டுச் சாப்பாடு, மேசையை மடக்கிவிட்டு அதே பலகைத் தரையில் உடற்பயிற்சி. வேகவைத்த முட்டைக்கோஸ் வாசனைக்கு நடுவில் குதித்துத்தான் எங்கள் பெண்கள் வளர்ந்தார்கள். கழிப்பறை முற்றத்தைத் தாண்டி. பனிக்காலத்தில் குழாய் உறைந்துபோனால் காவலாள் வெந்நீர்க் கெண்டியோடு வரும்வரை காலை இடுக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஆலை முதலாளி ஒருவரின் விதவை ஆரம்பித்த பள்ளி அது. தறியில் வேலை பார்க்கும் பெண்கள் வேதம் வாசிக்கவும் சட்டைக்கு ஓரம் அடிக்கவும் கற்றால் போதும் என்று அந்த அம்மாள் நினைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு வந்த யாரும் அதற்கு மேல் நினைக்கவில்லை, மியூரியல் கார்சைட் வரும்வரை.

நான் பெரில் சக்டன், சமையல் டீச்சர். அவர் 1958-ல் தலைமையாசிரியையாக வந்தபோது நான் அங்கே சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உயரம், ஒல்லி, இடது கையில் மணிக்கட்டு வரைக்கும் வழவழவென்று ஒரு தீக்காயத் தழும்பு. யுத்தகாலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். வந்த முதல் நாள் பள்ளியைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் சமையலறைக்கு வந்து நின்றார்.

"எரிவாயு இங்க மட்டும்தான் இருக்கா, மிஸஸ் சக்டன்?"

"ஆமா, மிஸ் கார்சைட். அடுப்புக்கு."

"அந்தக் குழாயை இன்னும் கொஞ்ச தூரம் இழுத்தா ஒரு லேப் வந்துடும், தெரியுமா?"

இழுப்பதற்குப் பன்னிரண்டு வருஷம் ஆனது. ஒவ்வொரு நிர்வாகக் குழுக் கூட்டத்திலும் கேட்டார். கூரை ஒழுகுகிறது என்றார்கள். கூரையை முடித்ததும் பையன்களின் மைதானத்தில் வடிகால் வேலை வந்துவிட்டது. வடிகாலும் முடிந்த பிறகு குருவானவர் பெவரல் சிரித்துக்கொண்டே, "பெண்பிள்ளைகளுக்கு எரிவாயு எதுக்கும்மா? அடுப்புதான் ஏற்கெனவே இருக்கே" என்றாராம். நடுவில் கொஞ்ச காலம் புதன்கிழமைதோறும் பெண்களை வரிசையாகக் கல்லறைத் தோட்டம் வழியே கூட்டிப் போய்ப் புனித சாட் ஆய்வுக்கூடத்தில் பாடம் நடத்தினார். பையன்கள் ஜன்னலில் தொங்குகிறார்கள், படிப்புக் கெடுகிறது என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். ஜன்னலில் தொங்கியது பையன்கள்தான். போகக் கூடாது என்றது எங்கள் பெண்களை.

கடைசியில் ஊரிலிருந்த சாயப்பட்டறை ஒன்றை மூடினார்கள். அங்கே இருந்த சோதனைக்கூடத்தின் தேக்கு மேசைகளை விறகுக்குப் போட இருந்தார்கள். மியூரியல் கார்சைட் போய்ப் பட்டறை மேலாளரின் வாசலில் நின்று அதை வாங்கிவிட்டார். பெண்களின் அப்பாக்கள் நிலக்கரி லாரியில் ஏற்றிவந்து இறக்கினார்கள். கோட்டு மாட்டும் அறைதான் ஆய்வுக்கூடம் ஆனது. சுவர் நெடுக கொக்கிகள் அப்படியே இருந்தன. பெண்களின் கோட்டுகள் நடைபாதையில் தொங்கின. திறப்பு விழா என்று எதுவும் இல்லை. ஒரு திங்கட்கிழமை காலை அவர் ஒரு பர்னரைப் பற்ற வைத்தார், நீலச் சுடர் எழுந்தது, பெண்கள் கைதட்டினார்கள். "கைதட்ட ஒண்ணும் இல்ல. புத்தகத்தைத் திறங்க" என்றார். ஆனால் அன்று மத்தியானம் என்னிடம் டீ குடிக்க வந்தவர் இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அந்த ஆய்வுக்கூடம் நான்கு வருஷம் இருந்தது.

பெரிய பள்ளி, சின்னப் பள்ளி, ஆண், பெண் என்றெல்லாம் பிரிக்காமல் ஊருக்கு ஒரே பள்ளியாகப் போடுவது என்று மாவட்டம் முடிவு செய்தது. எங்களுக்கு அதில் சந்தோஷம்தான். இனி எங்கள் பெண்களுக்கும் மைதானம், எங்கள் பெண்களுக்கும் பட்டறை என்றுதான் நினைத்தோம். இரண்டு பள்ளி சேர்ந்தால் தலைமைக்கு ஓர் ஆள்தான். மியூரியல் கார்சைடும் விண்ணப்பித்தார், புனித சாட் தலைமையாசிரியர் ரெக்ஸ் ஹால்டனும் விண்ணப்பித்தார்.

ஹால்டனைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கலகலப்பான மனுஷன். எல்லாருடைய பிறந்தநாளையும் ஞாபகம் வைத்திருப்பார். என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது திராட்சைப் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தவர். அவர் தலைமைக்கு வந்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. மியூரியல் கார்சைட் பதினாறு.

நேர்காணலுக்கு மறுநாள் காலையில் அவர் என் சமையலறையில் நின்றுகொண்டே டீ குடித்தார்.

"பதினஞ்சு வயசுப் பையனுக்குப் பிரம்படி கொடுக்கணும்னா என்ன செய்வீங்கன்னு கேட்டாங்க, மிஸஸ் சக்டன்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இத்தனை வருஷமா ஒரு பொண்ணைக்கூட அடிக்காம பள்ளிக்கூடம் நடத்தறேன், எப்படின்னு கேளுங்க, சொல்றேன்னேன். ஒருத்தரும் கேக்கல."

"அப்புறம்?"

"ஆம்பளை வாத்தியாருங்க ஒரு பொண்ணுக்குக் கீழ வேலை பாப்பாங்களான்னாங்க. அதை அவங்களைக் கேளுங்கன்னேன். அந்தக் கர்னலோட விதவை இருக்காங்களே, குழுவுல ஒரே பொம்பளை, அவங்க கேட்டாங்க: குடும்பம்னு ஒண்ணு இல்லாதது உங்களுக்கு ஒரு குறையா தெரியலையான்னு. அதுக்கு மட்டும் நான் பதில் சொல்லல."

"ஹால்டனை என்ன கேட்டாங்களாம்?"

"மைதானத்துல இன்னும் தண்ணி நிக்குதே, என்ன செய்யலாம்னு கேட்டாங்களாம். வெளிய வந்ததும் அவரே சொல்லிச் சிரிச்சார்."

அந்த வார முடிவில் குருவானவர் பெவரலே நேரில் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டு, "மியூரியல், உங்களுக்குப் பெரிய மனசு. நம்ம பெண்பிள்ளைகளுக்கு அங்க ஒரு தாய் வேணும்மா. அதுக்கு உங்களை விட்டா யாரு?" என்றார்.

"தாய் அவங்க வீட்டுலயே இருக்காங்க, ஃபாதர். இங்க வேண்டியது வேதியியல் டீச்சர்."

"பாத்தீங்களா, இந்த நகைச்சுவைதான் எங்களுக்கு வேணும்" என்று அவர் சிரித்தார்.

மூத்த ஆசிரியை என்றால் என்ன வேலை என்று செப்டம்பரில் தெரிந்தது. பெண்களின் பாவாடை முட்டிக்கு எத்தனை விரல் மேலே என்று பார்ப்பது. தலைவலி, வயிற்றுவலி என்று வருகிறவர்களைப் படுக்க வைப்பது. பெண்கள் கழிப்பறையில் சிகரெட் புகை வந்தால் உள்ளே போய்ப் பார்ப்பது. வெளியூரிலிருந்து யாராவது வந்தால் டீக்கு ஏற்பாடு. மேல்பக்கத்து ஆண் வாத்தியார்கள் அவருக்கு 'மேட்ரன்' என்று பெயர் வைத்தார்கள். ஒருவர் நேராகவே, "மேட்ரன் அம்மா, எனக்கும் இருமல், கொஞ்சம் மருந்து ஊத்துங்களேன்" என்று கேட்டார். மற்றவர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

பள்ளியின் பெயர் புனித சாட். சீருடையின் நிறம் புனித சாட். பாட்டு புனித சாட். 'மைந்தர்களே, எழுவீர்' என்று தொடங்கும் அந்தப் பாட்டை எங்கள் பெண்களும் நின்று பாடினார்கள்.

"ராஜினாமாக் கடிதத்தை மூஞ்சில வீசிட்டுப் போங்க. வேற ஊர்ல உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கூப்பிடுவாங்க" என்றேன் நான்.

"நான் போயிட்டா அந்த லேபை யாரு பாத்துப்பா?"

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வந்தபோது ஆய்வுக்கூடம் இல்லை. எரிவாயுக் குழாய்களுக்கு மூடி போட்டு இறுக்கியிருந்தார்கள். தேக்கு மேசைகள் உயரம் அதிகம் என்று கால்களை அறுத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் மேலும் சாம்பல் நிற உறை போட்ட தட்டச்சு இயந்திரம். மேசைக் கால்களை அறுத்தது தச்சுப் பட்டறைப் பையன்கள். "நம்ம பையன்களே செஞ்சாங்க, மியூரியல். ஒண்ணு ஆடுதா பாருங்க! செய்முறைத் தேர்வுக்கே கணக்கு வெச்சுட்டோம்" என்று ஹால்டன் ஒரு மேசையை ஆட்டிக் காட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"இது லேப், மிஸ்டர் ஹால்டன்."

"மேல ரெண்டு லேப் இருக்கே. மூணாவது எதுக்கு?"

"அந்த ரெண்டுல எத்தனை பொண்ணுங்க படிக்கறாங்க?"

"கதவைப் பூட்டியா வெச்சிருக்கோம்? விருப்பப்பட்டா வரட்டுமே."

"வேதியியல் நடக்கற அதே நேரத்துலதான் தட்டச்சும் சமையலும் போட்டிருக்கீங்க. எப்படி வருவாங்க?"

"என் சமையல் வகுப்பை வேற நேரத்துக்கு மாத்திக்கிறேன்" என்றேன் நான் குறுக்கே புகுந்து.

"மாத்தினா கால்பந்து இடிக்குமே, பெரில்." உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். "யோசிக்கிறேன். கண்டிப்பா யோசிக்கிறேன்."

அவர் யோசித்துக்கொண்டேயிருந்தார். மியூரியல் கார்சைட் வாரா வாரம் அவர் அறைக்குப் போய்வந்தார். அடுத்த வருஷமே ஆணுக்கும் பெண்ணுக்கும் படிப்பில் பாகுபாடு கூடாது என்று நாட்டில் சட்டம் வந்தது. ஹால்டன் எல்லா வகுப்புக் கதவிலும் 'அனைவருக்கும்' என்று அட்டை ஒட்டினார். கால அட்டவணை அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகுதான் மியூரியல் கார்சைட் வேதியியல் சொல்லித்தர என் சமையலறையைக் கேட்டார். பள்ளி விட்ட பிறகு, வாரத்தில் இரண்டு நாள். நான் சாவியை எடுத்துக் கையில் கொடுத்தேன். ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். சலவைச் சோடா, வினிகர், சிவப்பு முட்டைக்கோஸ் வேகவைத்த தண்ணீர், மேல்பக்கத்து ஆய்வுக்கூட உதவியாளர் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்த சில கண்ணாடிக் குழாய்கள். இவ்வளவுதான் உபகரணம். ஜாம் காய்ச்சும் பாத்திரத்தில் அவர் என்னென்னவோ காய்ச்சினார். அந்த மாலைகளில்தான் அவர் பழைய மியூரியல் கார்சைடாக இருந்தார். குரல் தெளிவாக, சுருக்கமாக, ஒரு வார்த்தை வீண் இல்லாமல் வரும்.

கூட்டம் ஒவ்வொருத்தியாகக் குறைந்தது. ஒருத்திக்குப் பஸ் தவறியது. ஒருத்திக்குத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசியில் மிஞ்சியது லொரெய்ன் என்று ஒரு பெண். கசாப்புக் கடைக்காரர் மகள், நல்ல மூளை. பரீட்சைக்குத் தனியாகவே பெயர் கொடுத்து எழுத வைத்துவிடலாம் என்று மியூரியல் கார்சைட் மாவட்ட அலுவலகத்துக்கு இரண்டு தடவை பஸ் ஏறிப் போய் அனுமதி வாங்கிவந்தார். அந்த அனுமதி கிடைத்த வாரம் லொரெய்ன் வாசலிலேயே நின்றாள். கோட்டைக் கழற்றவில்லை.

"மிஸ், நான் இனிமே வரல."

"உடம்பு சரியில்லையா?"

"இல்ல மிஸ். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் தட்டச்சுல கூடுதல் வகுப்பு வெக்கறாங்க. வேகம் வந்துட்டா பேங்குல எடுத்துப்பாங்களாம். எங்கம்மா பேசிட்டாங்க."

"உனக்கு அதுதான் வேணுமா, லொரெய்ன்? உங்கம்மாவைக் கேக்கல, உன்னைக் கேக்கறேன்."

அவள் கையுறையை முறுக்கினாள். முரட்டுப் பெண் இல்லை அவள். மரியாதையாகத்தான் சொன்னாள். "கெமிஸ்ட்ரி படிச்சா யாரு மிஸ் வேலை குடுப்பாங்க? உங்க கையில இருந்த வேலையையே பிடுங்கிட்டாங்களே."

மியூரியல் கார்சைட், "சரி. பஸ்ஸுக்கு நேரமாச்சு, போ" என்றார். பிறகு ஜாம் பாத்திரத்தைக் கழுவினார். நான் கழுவுகிறேன் என்றதற்கு விடவில்லை. சுத்தமான பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

1978-ல் புனித சாட் பள்ளிக்கு நூற்று முப்பதாவது வருஷம். பேராயர் வருகிறார் என்று ஹால்டன் தடபுடல் செய்தார். பளபளப்பான தாளில் ஒரு புத்தகம் அடித்தார்கள், 'நம் பள்ளி: வரலாறும் வசதிகளும்' என்று. நான் அதை ஆசிரியர் அறையில் நின்றபடியே புரட்டினேன். 1848-ல் பள்ளி தொடங்கியது. இன்ன வருஷம் உடற்பயிற்சிக்கூடம், இன்ன வருஷம் கடைசல் இயந்திரம். யுத்தத்தில் இறந்த மாணவர்களின் பெயர்கள். தலைமையாசிரியர்களின் படங்கள், மீசையோடும் மீசை இல்லாமலும். கடைசிப் பக்கத்துக்கு முன் பக்கத்தில் ஒரு வரி: '1974-ல் பெண்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.' அதற்குக் கீழே தட்டச்சு அறையின் படம். 'பெண்களுக்கான நவீன வசதி.'

நூறு வருஷத்துக்கு மேல் நடந்த ஒரு பள்ளிக்கூடம் அந்த ஒற்றை வரிக்குள் போய்விட்டது. என்னமோ அதுவரைக்கும் எங்கள் பெண்கள் தெருவில் திரிந்துகொண்டிருந்த மாதிரி.

மியூரியல் கார்சைட் அதைப் படித்தார். மறுநாள் காலை, "மிஸஸ் சக்டன், பட்டுத்துணியை எப்படித் துவைக்கறது?" என்று கேட்டார்.

நாடகத்துக்கு உடுப்பு வைக்கும் அலமாரியில், இடையர் வேஷ அங்கிகளுக்கு அடியில், எங்கள் பள்ளியின் பழைய கொடி கிடந்திருக்கிறது. ஆட்டுக்குட்டியை அணைத்துக்கொண்டு நிற்கும் புனித ஆக்னஸ், முழுக்கப் பட்டு நூலில். தறியில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த பெண்கள் போட்ட தையல். வருஷாவருஷம் கோயில் பவனியில் எங்கள் பள்ளிக்கு முன்னால் போனது அதுதான். பள்ளிகள் சேர்ந்த பிறகு, ஒரு பள்ளிக்கு ஒரு கொடி போதும் என்று குருவானவர் சொல்லிவிட்டார். நான் வீட்டுக்குக் கொண்டுபோய் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, ஈரம் போகும் முன்பே உள்பக்கமாக இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

"தூக்கப் போறீங்களா?"

"தூக்கத்தான் போறேன்."

"தடுப்பாங்களே."

"தடுக்கட்டும். எல்லார் முன்னாடியும் தடுக்கட்டும். என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும்." அவர் கன்னம் சிவந்திருந்தது. அந்த மாதிரி அவரை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

விழா அன்று கோயில் நிறைந்துவிட்டது. முன்னால் சிலுவை, பிறகு புனித சாட் கொடி, ஹால்டன், வாத்தியார்கள், பையன்கள், கடைசியாகப் பெண்கள். பெண்கள் உள்ளே போய் முடிந்ததும் மியூரியல் கார்சைட் வாசல் மண்டபத்திலிருந்து கொடியைத் தூக்கிக்கொண்டு தனியாக நடந்தார். அந்தக் கம்பு சாமானியக் கனம் இல்லை. ஓய்வு வயதை நெருங்கிய மனுஷி, முதுகு வளையாமல் தூக்கினார். நான் பக்கத்திலேயே குஞ்சக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனேன். ஆர்கன் வாசித்தவர் பாட்டை முடித்திருந்தார், ஆள் வருவதைப் பார்த்து இன்னொரு அடியை வாசித்தார். எங்கள் காலடிச் சத்தம் எனக்கே கேட்டது. பீடத்துக்குக் கிட்டே போனதும் குருவானவர் பெவரல் எழுந்தார். இதோ, என்று நினைத்தேன். மியூரியல் கார்சைட் மூச்சை உள்ளே இழுத்தார்.

குருவானவர் புன்னகை செய்தார். கொடியை வாங்கித் தூணில் சாய்த்து வைத்தார். முன் பெஞ்சில் இடம் ஒதுக்கி, "உக்காருங்கம்மா" என்று மெதுவாகச் சொன்னார். ஆராதனை நடந்தது.

வெளியே வாசலில் பேராயர் எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தார். எங்களிடம் வந்ததும் முகம் மலர்ந்தது. "அந்தக் கொடி! என்ன அருமையான தையல்! நீங்கதான் தையல் டீச்சரா?"

"இல்ல, பேராயரே. நான் புனித ஆக்னஸ் பள்ளியோட..."

ஹால்டனின் கை மியூரியல் கார்சைடின் தோளில் விழுந்தது. "எங்க மியூரியல்! இவங்க இல்லன்னா இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு வாய் டீ கிடைக்காது, பேராயரே." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பேராயரும் சிரித்து, அடுத்தவருக்குக் கையை நீட்டிவிட்டார்.

கல்லறைத் தோட்டத்து வழியாக இறங்கும்போது கொடியை நான் சுமந்தேன். பாதி வழியில் அவர் நின்றார்.

"யாராவது ஒருத்தர் தடுத்திருக்கலாம், பெரில்." என்னைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "தடுக்கற அளவுக்குக்கூட அது அவங்களுக்கு ஒரு விஷயமா படல."

பிறகு கூடத்தில் விருந்தினருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும், பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வேகமாக முன்னால் போனார்.

அடுத்த கோடையில் ஓய்வு பெற்றுக் கடலோர ஊரில் தங்கை வீட்டோடு போனார். ஈஸ்டருக்கு ஈஸ்டர் நான் போய்ப் பார்ப்பேன். கடலோரம் நடப்போம், மீன் வறுவல் வாங்கிச் சாப்பிடுவோம். பள்ளியைப் பற்றிப் பேச மாட்டார். கீழ்க் கட்டடத்தை விற்றுவிட்டார்கள், இப்போது அது கம்பளக் கிடங்கு என்று நான் சொன்ன வருஷம், "கூரை ஒழுகுமே, கம்பளம் பாழாயிடுமே" என்றார், அவ்வளவுதான். மேல்பக்கத்தில் புதிதாக அறிவியல் கட்டடம் வந்ததையும் அதற்கு ஹால்டன் பெயரை வைத்ததையும் நான் சொல்லவே இல்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த முறை நாங்கள் நடக்கப் போகவில்லை, மழை என்றார். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

1993 பிப்ரவரியில் இறந்துபோனார். பெற்றோரைப் புதைத்த இடம் என்பதால் ஆஸ்கர்பிக்கே கொண்டுவந்தார்கள். பெவரல் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். புதிய குருவானவருக்கு மியூரியல் கார்சைடைத் தெரியாது. அதனால் இரங்கல் உரைக்கு ஹால்டனைக் கேட்டிருக்கிறார். ஹால்டன் நன்றாகப் பேசினார். எப்போதுமே நன்றாகப் பேசுவார். பெண்பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தார் என்றார். எதையும் தனக்கென்று கேட்டதில்லை என்றார். "நானும் மியூரியலும் ஐந்து வருஷம் சேர்ந்து வேலை செய்தோம். அந்த ஐந்து வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை" என்றார். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அடக்கம் முடிந்து கோயில் கூடத்தில் ஹாம் சாண்ட்விச்சும் டீயும். நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நேராக ஹால்டனிடம் போனேன். அவரும் அவர் மனைவி மார்ஜரியும் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"ரெக்ஸ், அவங்க குறை சொன்னாங்க. வாரா வாரம் வந்து சொன்னாங்க. உங்ககிட்டதான் சொன்னாங்க."

"எங்கிட்டயா?" அவர் நடிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "இல்லையே, பெரில். எங்களுக்குள்ள ஒரு சின்ன மனத்தாங்கல்கூட வந்ததில்லையே. நீ வேற யாரையோ நினைச்சுச் சொல்றே. அவங்க பாவம், வாயே திறக்க மாட்டாங்க."

"லேப் பத்தி. கால அட்டவணை பத்தி."

"எந்த லேப்?"

மார்ஜரி டீயைக் கலக்கிக்கொண்டிருந்தாள். பள்ளி விழாக்களில் கணவருக்குப் பக்கத்தில் நின்று சிரிப்பதைத் தவிர அவள் பேசி நான் கேட்டதே இல்லை. கரண்டியை எடுத்து சாஸரில் வைத்தாள்.

"உங்களுக்கு மறந்திருக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுல அவங்களை மாதிரியே பேசிக் காட்டுவீங்களே. முதுகை நிமித்திக்கிட்டு, மூக்கால, 'மறுபடியும் அந்த விஷயமாத்தான் வந்தேன், மிஸ்டர் ஹால்டன்'னு. பசங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு கேப்பாங்க. நம்ம பொண்ணும் சிரிப்பா."

ஹால்டன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு கணம் எதுவோ ஞாபகம் வந்த மாதிரி இருந்தது. "அடடா, நான் அவ்வளவு பொல்லாதவனா?" என்று சிரித்து, தன்னோடு சிரிக்க ஆள் தேடிக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பக்கத்து மேசையில் பழைய தச்சு வாத்தியார் இருந்தார். என்ன ஏது என்று தெரியாமலே அவரும் சிரித்தார்.

நான் தட்டை வைத்துவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் நிறுத்தத்தில் நல்ல காற்று. கொஞ்ச நேரத்தில் மார்ஜரி தலையில் ஒன்றும் போடாமல் தெருவைத் தாண்டி வந்தாள்.

"நிஜத்துல அவங்க மூக்கால பேச மாட்டாங்க, இல்ல?" என்றாள். "ஒரே ஒரு தடவைதான் எங்கூடப் பேசியிருக்காங்க. அப்ப அப்படித் தெரியல."

"இல்ல" என்றேன். "நல்ல தெளிவான குரல்."

அவள் தலையாட்டினாள். வேறு ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன்.